எனக்காக மட்டும் உழைத்த தரகர்

என் மச்சான் வீரபாண்டியனோடு ஒரே கூரையின் கீழ் ஒரு ராத்திரிகூடப் படுப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது கல்கத்தா கிடர்பூரில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு. சபதம் எடுக்க அதைவிட நல்ல இடம் அன்று கிடைக்கவில்லை. எழுபத்தெட்டாம் வருஷ வெள்ளம். எங்கள் வாடகை வீட்டின் பின்சுவர் அன்று காலைதான் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார். வருத்தப்பட்டார். மிச்சத்தையும் இடிக்கப் போகிறேன், மார்கழிக்குள் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நீந்தாத குறையாகப் போனார்.

என் மனைவி சுப்பம்மாள் முறுக்குக் குழலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். துறைமுக வாசலுக்கு எதிரே எனக்கு ஒரு கடை உண்டு. அப்பளம், பெருங்காயம், முறுக்கு. முறுக்கு அவள் சுடுவது. அதனால் வீட்டில் எது மிதந்தாலும் அவள் அந்தக் குழலைத்தான் காப்பாற்றுவாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "அண்ணனுக்கும் கார்த்திகையோட வேலை முடியுது. குவார்ட்டர்ஸை விடணும். ரெண்டு ரூம் வீடாப் பாருங்க. எல்லாரும் ஒண்ணா இருந்துருவோம்."

அப்போதுதான் சபதம்.

வீரபாண்டியன் அவளுடைய ஒரே அண்ணன். கார்டன் ரீச்சில் கப்பல்களுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர். ஆள் உயர எழுத்துகளை ஏணியில் தொங்கிக்கொண்டே எழுதுவான். தமிழ், இங்கிலீஷ், வங்காளம் மூன்றும் படிப்பான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். அவனுக்கு உப்பு வேண்டுமென்றால் நான் சுப்பம்மாளிடம் சொல்வேன். பதினேழு வருஷமாக நான் அவனிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை.

ஏன் என்று சுப்பம்மாள் எத்தனையோ தடவை கேட்டாள். நான் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். இப்போதும் வெட்கம்தான். ஆனால் சொல்லாமல் கதை நகராது.

அறுபத்தொன்றாம் வருஷப் பொங்கல் விழா. கிடர்பூர் தமிழர்கள் எல்லாரும் கூடியிருந்தோம். தமிழ்ச் சங்கத்துக் காரியதரிசி சௌந்தரராஜன் ஒரு துண்டுத் தாளை என் கையில் கொடுத்து, மைக்கில் வாசிக்கச் சொல்லிவிட்டு எங்கோ ஓடினார். நான் நாலாம் வகுப்பு. தனியாக இருந்தால் எழுத்துக் கூட்டி எதையும் படித்துவிடுவேன். நாலு பேர் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பாகி ஓடும். அன்று நானூறு பேர் பார்த்தார்கள். பொங்கல் விழாவில் என்ன எழுதியிருக்கப் போகிறார்கள் என்று யோசித்தேன். "எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் உண்டு. யாரும் போய்விட வேண்டாம்" என்று கணீரென்று வாசித்தேன். பாதிக் கூட்டம் எழுந்து பந்தலுக்கு ஓடியது. தாளில் இருந்தது, போன வாரம் காலமான ஒரு மூத்த உறுப்பினருக்காக ஒரு நிமிஷம் மௌனம்.

அப்போது மேடைக்கு வந்த வீரபாண்டியன் சொன்னான்: "மாப்ள, தாளைத் திருப்பிப் பிடிங்க."

கடைசி வரிசை வரைக்கும் மைக்கில் கேட்டது. கூட்டம் சிரித்தது. செத்துப்போனவரின் மகன்கூடச் சிரித்தான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதனால் இரண்டு அறை வீடு கிடையாது. ஒரே அறை. அதில் நானும் அவளும் முறுக்குக் குழலும். நாலாவதாக ஒரு பாய் விரிக்க இடம் இருக்கக் கூடாது. ஆனால் இதைச் சுப்பம்மாளிடம் சொல்ல முடியுமா? கல்கத்தாவில் இரண்டு அறை வீடே கிடைக்கவில்லை என்று அவளே பார்த்து, அவளே ஓய்ந்து போக வேண்டும். அதற்கு ஒரு தரகர் வேண்டும்.

டாலிகஞ்ச் டிராம் டெப்போ பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சுதான் நிதாய் பாபுவின் ஆபீஸ். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஒரு குடை, ஒரு நோட்டுப் புத்தகம், யாரைப் பார்த்தாலும் பரிதாபப்படுகிற முகம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து அகதிகள் காலனியில் குடியிருப்பவன். அவன் பேசிய வங்காளமும் இந்தியும் எனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படியே தமிழில் தருகிறேன்.

வீட்டுக்காரரிடம் ஒரு மாச வாடகை, குடி வருபவரிடம் ஒரு மாச வாடகை, இரண்டு பக்கமும் வாங்குவதுதான் வழக்கம் என்றான்.

"அப்படின்னா நீ யார் ஆள்?" என்று கேட்டேன்.

இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. டீயை ஆற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, "நடுவில் இருப்பவன், தாதா" என்றான்.

நடுவில் இருக்க வேண்டாம், என் பக்கம் வந்துவிடு, தினம் ஒரு பொட்டலம் முறுக்கு தருகிறேன் என்றேன். உடனே வந்துவிட்டான். இவ்வளவு சுலபமாக வருகிறவன் எவ்வளவு சுலபமாகப் போவான் என்று யோசிக்கிற அளவுக்கு என் நாலாம் வகுப்பில் சொல்லித் தரவில்லை.

அவனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மனைவிக்கு ஒற்றை அறை வீடுகளையே காட்ட வேண்டும். தவறிப்போய் இரண்டு அறை வீடு அவள் கண்ணில் பட்டால், வீட்டுக்காரர் ரொம்பக் கண்டிப்பு, வெளியாள் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது, மைத்துனன் என்றாலே விரட்டிவிடுவார் என்று சொல்ல வேண்டும். நிதாய் நோட்டில் எழுதிக்கொண்டான். மைத்துனன் மேல் என்ன கோபம் என்று மெதுவாகக் கேட்டான். நான் கொடுக்கிற முறுக்கைத் தின்கிறவன், என் ஆள், இவனிடம் என்ன வெட்கம்? தாளைத் தலைகீழாகப் பிடித்த கதையைச் சொல்லிவிட்டேன். பதினேழு வருஷமாகப் பெண்டாட்டியிடம் சொல்லாததை. கேட்டுவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுதானா, சிரிப்பை அடக்கினானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீடு பார்க்கும் படலம் தொடங்கியது. என்னை அவன் தாதா என்று கூப்பிட்டான், அண்ணன். சுப்பம்மாளைப் போதி என்றான், அண்ணி. முறை சரியாக இருந்தது. நான் அண்ணன் என்றால் அவள் அண்ணிதானே.

அவன் காட்டிய வீடுகளைப் பார்த்து நானே பயந்துபோனேன். ஒன்றில் கதவைத் திறந்தால் கட்டிலில்தான் கால் வைக்க வேண்டும். ஒன்று சினிமா ஸ்டூடியோ சுவரை ஒட்டி; அந்தப் பக்கம் ஒரு பெண் ஒரே அழுகையை எட்டுத் தடவை அழுதாள். பெஹாலாவில் ஒரு இரண்டு அறை வீடு தெரியாமல் எதிர்ப்பட்டது. சுப்பம்மாளின் முகம் மலர்ந்தது. நிதாய் நோட்டைப் பார்த்து, வீட்டுக்காரர் கண்டிப்பு, வெளியாள் கூடாது என்று ஒப்பித்தான். மைத்துனன் என்ற சொல்லை மட்டும் என்னைப் பார்த்தபடியே சொன்னான். சுப்பம்மாளும் என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஓய்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அவளுக்குப் பிடித்த பன்னீர் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். தரகர் பாபுவுக்குக் குடும்பம் இருக்கா என்று மட்டும் கேட்டாள். ஒரே ஒரு அக்கா, அவளும் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள், பார்த்து முப்பது வருஷம் ஆகிறதாம் என்றேன். ம் என்றாள்.

காளி பூஜை முடிந்து இரண்டாம் நாள். அன்று வங்காளிகளுக்குப் பாய் ஃபோட்டா. அக்கா தங்கைகள் சகோதரனை உட்கார வைத்து, இடது கைச் சுண்டு விரலால் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, எமன் இவனிடம் வராமல் இருக்கட்டும் என்று சொல்லி இனிப்பு ஊட்டுவார்கள். சுப்பம்மாள் இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து தன் அண்ணனுக்கு வைக்கிறாள். அந்தக் காட்சியைத் தவிர்க்க நான் வருஷாவருஷம் சரக்கு எடுக்கப் படாபஜார் போய்விடுவேன். அந்த வருஷமும் போனேன்.

திரும்பி வந்தால் விழாத பாதி வீட்டில் இரண்டு பாய் போட்டிருக்கிறது. ஒன்றில் வீரபாண்டியன். இன்னொன்றில் நிதாய். இரண்டு நெற்றியிலும் சந்தனம். நிதாய் கையில் ஒரு அதிரசம். சாப்பிட முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். இந்தத் தடவை நிச்சயமாக அழுகைதான்.

"பாவம்ங்க" என்றாள் சுப்பம்மாள். "முப்பது வருஷமா நெத்தி வெறுமையா இருந்திருக்கு. ஒரு பொட்டு வச்சா எனக்கு என்ன குறைஞ்சிரும்?"

ஒன்றும் குறையாது என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். என் வீட்டு முறுக்கு போதாதென்று என் வீட்டு அதிரசமும் தின்றுவிட்டான், இனி எனக்காக உயிரையே விடுவான் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் அவன் அவளைத் தீதி என்று கூப்பிட்டான், அக்கா. என்னை ஜாமாய்பாபு என்றான், அக்கா புருஷன். பின்னால் பாபு சேர்ந்து வந்ததால் எனக்கு மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் அந்த வீடு வந்தது. டாலிகஞ்சிலேயே, டிராமுக்கு ஐந்து நிமிஷம். முற்றம், குழாய், சமையலறை, ஒரே ஒரு அறை. பக்கத்தில் இன்னொரு கதவில் தேங்காய் அளவு பூட்டு தொங்கியது. அது என்ன என்று கேட்டேன்.

"வீட்டுக்காரம்மாவின் சாமான் அறை. திறக்கவே மாட்டார்கள், ஜாமாய்பாபு. ரொம்பக் கண்டிப்பு. வெளியாள் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது."

நான் அவன் தோளில் தட்டினேன். பக்கத்தில் சுப்பம்மாள் இல்லாதபோதும் எவ்வளவு தத்ரூபமாகச் சொல்கிறான். நிதாய் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தேன்.

அதைவிட ஆச்சரியம், சுப்பம்மாளுக்கும் வீடு பிடித்துவிட்டது. ஒரு ரூம்தானே, அண்ணனுக்கு என்ன செய்வாய் என்று நானே கேட்டேன். வெற்றி பெற்றவன் கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்க வேண்டாமா? "அது அது நடக்கிறபடி நடக்கும்" என்றாள்.

டீக்கடை பெஞ்சில் பத்திரம் எழுதினோம். பத்திரம் என்றால் ஒரு வெள்ளைத் தாளில், எனக்கு எழுத்தே தெரியாத வங்காளத்தில் நெருக்கி எழுதிய ஒரு பக்கம். "படித்துச் சொல்லட்டுமா, ஜாமாய்பாபு?" என்று நிதாய் கேட்டான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கேட்டான். அதை நான் இங்கே நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் என்றால் எனக்கு நானூறு. வேண்டாம் என்று தாளை வாங்கினேன். கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். மூன்று இடத்தில் தலையை ஆட்டினேன். எல்லாவற்றுக்கும் ஆட்டினால் சந்தேகம் வரும் என்று ஒரு இடத்தில் மட்டும் முகத்தைச் சுளித்தேன். அவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இடம் ரொம்ப ஓரமாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, மேலே மற்றவர்கள் போட வேண்டும் என்றான். பெரிய மனிதர்கள் மேலே போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை கடைசி நாள் குடி போனோம். மறுநாள் மார்கழி. வங்காளிகளுக்கும் அது ஆகாத மாசம், எங்களுக்கும் ஆகாத மாசம். அந்த ஒரு மாசம் இந்த ஊரில் யாரும் குடி மாற மாட்டார்கள், குடி ஏற்றவும் மாட்டார்கள். கைவண்டியில் சாமானை ஏற்றி அனுப்பிவிட்டு, கிடர்பூர் வீட்டுச் சாவியைப் பழைய வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். நான் தெருமுனை திரும்புவதற்குள் கூரையில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது.

புது வீட்டு வாசலில் சாமானை இறக்கிவிட்டு உள்ளே போனேன். பக்கத்துக் கதவில் பூட்டைக் காணோம். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு கட்டில். கட்டிலடியில் ஒரு டிரங்குப் பெட்டி. கொடியில் பெயிண்ட் கறை படிந்த ஒரு சட்டை. கட்டிலில் வீரபாண்டியன்.

வாசலில் நின்ற நிதாயைப் பிடித்தேன். "நீ என் ஆள்தானே?"

"காளி பூஜை வரைக்கும்" என்றான். "அப்புறம் தீதி பொட்டு வைத்துவிட்டார்கள். பொட்டு வைத்துக்கொண்டு அக்காவிடம் எப்படிப் பொய் சொல்வது? கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன்."

"என்கிட்ட மட்டும் பொய் சொல்லலாமா?"

"நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை, ஜாமாய்பாபு. நோட்டைப் பாருங்கள். எல்லாம் நீங்கள் எழுதச் சொன்ன பொய்தான்." என் தரகுப் பணத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். அக்கா வீட்டில் தரகு வாங்கக் கூடாதாம். முறுக்கை மட்டும் நிறுத்தாமல் இருந்தால் போதுமாம்.

எல்லாவற்றையும் என்றானே. அப்படியானால் பொங்கல் விழா? நான் சுப்பம்மாளைப் பார்த்தேன். அவள் அடுப்பு வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"பதினேழு வருஷம் கேட்டேன். சொல்லலை. முறுக்கு தின்னவன்கிட்டச் சொன்னீக. முறுக்கு சுட்டவகிட்டச் சொல்ல வாய் வரலை."

இந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்று என் படுக்கையைத் தூக்கினேன்.

"போங்க" என்றாள். "பழைய வீட்டுக்குக் கூரை இல்லை. நாளைக்கு மார்கழி. தை பொறக்கிற வரைக்கும் ஒருத்தரும் உங்களைக் குடி வைக்க மாட்டாக. டிராம் டெப்போல படுக்கிறதுன்னா சொல்லுங்க, சோறு அங்கே கொடுத்து விடுறேன்."

படுக்கையைக் கீழே வைத்தேன். கனமாக இருந்தது, அதனால்தான் வைத்தேன்.

வீரபாண்டியன் கட்டிலை விட்டு எழுந்து வந்தான். நான் காலண்டரைத் தேடினேன். புது வீடு, இன்னும் மாட்டவில்லை.

"மாப்ள" என்றான். "இத்தனை வருஷமும் அந்த மீன் தலை விஷயமாத்தான் நீங்க பேசலைன்னு நினைச்சிருந்தேன்."

எந்த மீன் தலை என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாதே, பேசுவதில்லையே.

"அன்னைக்கு யாருக்கும் தெரியாம உங்க காதுல சொல்லணும்னுதான் மேடையேறி வந்தேன். காதுகிட்டப் போய்த்தான் சொன்னேன். மைக்கும் அங்கேதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை."

நான் தரையைப் பார்த்தேன். பதினேழு வருஷம். எண்ணூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமை. மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, என் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரை வெளியே நிறுத்த நான் ஒரு வீடு தேடியிருக்கிறேன்.

ஆனாலும் ஒரு ஆண்பிள்ளை சட்டென்று விழுந்துவிட முடியுமா? இந்த வீடு என்னுடையது, ஏதோ போகட்டும் என்று இவரை இருக்க விடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மானம் கொஞ்சம் மிஞ்சும் என்று தோன்றியது. சுப்பம்மாளிடம் பத்திரத்தை எடு என்றேன். அவள் முறுக்குக் குழலுக்குள்ளிருந்து சுருட்டிய தாளை எடுத்துக் கொடுத்தாள்.

நடு முற்றத்தில் நின்று அதை விரித்தேன். நிதாய் வாசலிலிருந்து பார்த்தான். வண்டிக்காரன் பார்த்தான். சுப்பம்மாள் பார்த்தாள். நான் கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். தலையை ஆட்டினேன்.

வீரபாண்டியன் பக்கத்தில் வந்தார். வாயைத் திறப்பார் என்று பயந்தேன். அவர் திறக்கவில்லை. வாசலை மறைத்து முதுகைக் காட்டி நின்றுகொண்டு, என் கையிலிருந்த தாளை மெதுவாகத் திருப்பி நேராக வைத்தார்.

பதினேழு வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் முதல் வார்த்தை பேசினேன். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"மச்சான், இந்த வீட்ல நான் யாருன்னு போட்டிருக்கு?"

அவரும் என் காதோடு சொன்னார்.

"குடித்தனக்காரன் நான், மாப்ள. நீங்க சாட்சி."